பம்பைச் சத்தத்துக்கு ஆடிய எஸ்தர்

அத்தியாயம் 11

போன வாரம் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாரே ஜெபசிங், அதற்குப் பிறகு அவர் மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மகளும் லேசுப்பட்டவள் இல்லை. அப்பா கூடத்துக்கு வந்தால் அவள் அடுப்படிக்குப் போவாள், அவர் அடுப்படிக்கு வந்தால் அவள் வாசலுக்குப் போவாள். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் காசியம்மாள்தான்.

"உங்கப்பனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு."

"நீயே கேளும்மா. உன் புருஷன்தானே."

சண்டை எஸ்தரை வைத்து. எஸ்தர் என்றதும் யாரோ மூன்றாவது பொம்பளை என்று நினைத்துவிடாதீர்கள். அவள் நாலு வயதுப் பெண் குதிரை. பழுப்பு உடம்பு, நெற்றியில் விரல் வைத்துத் தேய்த்த மாதிரி கொஞ்சம் வெள்ளை. மாமல்லபுரம் கடற்கரையில் சவாரிக்குப் போகும் ராணியின் வயிற்றில் பிறந்தவள். அந்த மணலில் குதிரை ஓட்டித்தான் ஜெபசிங் மகள் ஜெனிஃபரையும் அவள் தம்பி சாலமோனையும் படிக்க வைத்தார்.

எஸ்தர் பிறந்த அன்றைக்கே ஜெனிஃபர் சொல்லிவிட்டாள். இவள் மணலில் பிள்ளைகளைச் சுமந்து அலையமாட்டாள், தடை தாண்டும் போட்டிக்குப் போவாள் என்று. சும்மா சொன்னதோடு நிற்கவில்லை. திருக்கழுக்குன்றத்தில் பி.டி. டீச்சராக இருக்கிறவள், சம்பளமில்லா லீவில் ஊட்டிக்குப் போய் ஒரு குதிரைப் பண்ணையில் ஆறு மாதம் வேலை செய்து, தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தாள். திருப்போரூர் பக்கம் போட்டிக் குதிரைகளைப் பழக்கும் லாயம் வைத்திருக்கும் ஹரிகிருஷ்ணனைப் பிடித்தாள். எஸ்தர் வாய்க்காலைத் தாண்டும் வீடியோவைக் காட்டினாள். அவரும், கொண்டு வாங்க பார்க்கலாம் என்றார்.

ஜெபசிங் மட்டும் ஒரே பிடியாக நின்றார். "அடுத்த மாசம் உனுக்குக் கல்யாணம். அது முடியட்டும். அப்பால எங்க வேணா அனுப்பு."

கல்யாணத்துக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல்தான் மனுஷன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். வெறும் வீம்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் லீவு போட்டுவிட்டு வண்டியை வரவழைத்துவிட்டாள்.

வண்டி சாலமோனுடைய சிநேகிதனுடையது. பின்பக்கக் கதவை இறக்கிச் சாய்த்து, மேலே வைக்கோலும் பரப்பியாகிவிட்டது. எஸ்தர் பலகையை முகர்ந்து பார்த்தாள், பின்னால் நகர்ந்தாள். கேரட்டுக்கு மசியவில்லை. வெல்லத்துக்கும் மசியவில்லை. சாலமோன் பின்னால் நின்று தள்ளிப் பார்த்துவிட்டு, உதை வாங்காமல் தப்பியதே போதும் என்று ஒதுங்கிக்கொண்டான்.

"இப்டி தள்ளினா வருமா?" என்றபடி ஜெபசிங் வந்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு.

கையில் ஒரு மெல்லிய பிரம்பு. எஸ்தரின் முன்னங்காலில், முட்டிக்குக் கீழே, லேசாக ஒரு தட்டு. கால் உயர்ந்தது. அடுத்த காலில் ஒரு தட்டு. அதுவும் உயர்ந்தது. தட்டத் தட்ட எஸ்தர் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து உள்ளே போய் நின்றுவிட்டாள். காது இரண்டும் பின்னால் மடிந்து கிடந்தன.

"இது எப்பப்பா கத்துக்கினா?" என்றாள் ஜெனிஃபர்.

அவர் பின்பக்கக் கதவைத் தூக்கித் தாழ் போட்டார். "கல்யாணத்துக்கு முந்தின வாரம் நானே போயி ஓட்டிகினு வந்துடுவேன். அந்த சார்கிட்ட சொல்லிடு."

"நெனச்சப்ப எல்லாம் ஓட்டிகினு வர முடியாதுப்பா. அது இன்னா ரேஷன் கடையா?"

"என் குதிரைடி அது," என்று சொல்லிவிட்டு, ராணியைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்துவிட்டார்.

வழியெல்லாம் அவள் பொரிந்து தள்ளினாள். சாலமோன் ம் கொட்டவில்லை. எப்போதும் அக்கா ஒன்று சொன்னால் ஒன்பது பதில் சொல்கிறவன், இன்றைக்கு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். தம்பி தன் பக்கம்தான், அப்பாவை நினைத்துத்தான் பேசாமல் வருகிறான் என்று அவள் மனசு கொஞ்சம் ஆறியது. ஆறியிருக்கக் கூடாது.

ஹரிகிருஷ்ணனின் லாயம் ரோட்டை ஒட்டியே இருந்தது. வரிசையாகப் பன்னிரண்டு குதிரைகள், ஒவ்வொன்றும் தனித்தனிக் கொட்டடியில். தரை கழுவிக் காய்ந்திருந்தது. சவுக்குக் கட்டைகளில் வெள்ளையும் சிவப்பும் அடித்துத் தடைகள் போட்ட மைதானம் ஒன்று. அதைப் பார்த்ததும் ஜெனிஃபருக்குக் கண் நிறைந்துவிட்டது. நாலு வருஷமாகக் கண்ட கனவு, கட்டையும் மணலுமாக எதிரே இருந்தது.

ஹரிகிருஷ்ணன் அதிகம் பேசுகிறவர் இல்லை. எஸ்தரின் பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார், முதுகில் கையை ஓட்டினார். நீளக் கயிற்றில் விட்டு வட்டமாக ஓட வைத்தார். பிறகு ஒரு தாழ்ந்த தடையைக் காட்டினார். எஸ்தர் கொஞ்சமும் யோசிக்காமல் பறந்து தாண்டினாள். இன்னும் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார். அதையும் தாண்டினாள்.

"பீச் குதிரைக்குப் பிறந்ததா இது?" என்றார். அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. "நல்லா வளர்த்திருக்கீங்க மேடம்."

ஜெனிஃபர் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். பாருடா என்கிற பார்வை. அவன் செருப்பு முனையால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரோட்டில் பால்குடம் வந்தது.

ஆடி வெள்ளி அல்லவா. மஞ்சள் சேலையில் பெண்கள் வரிசையாகக் குடம் சுமந்து வர, முன்னால் பம்பையும் உடுக்கையும் முழங்கின. சத்தம் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் வந்தது. லாயத்துக் குதிரைகள் இரண்டு மூன்று கனைத்துவிட்டு அடங்கிவிட்டன.

எஸ்தர் நின்றாள். கழுத்தை வளைத்தாள். வலது முன்னங்காலைத் தூக்கி வைத்தாள். இடது முன்னங்காலைத் தூக்கி வைத்தாள். பம்பை வேகம் பிடிக்க, அவளும் வேகம் பிடித்தாள். நின்ற இடத்திலேயே தூக்கித் தூக்கி வைத்து, தலையை ஆட்டி ஆட்டி, கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு குதிரை ஆடுமே, அப்படியே அந்த ஆட்டம் ஆடினாள்.

லாயத்தில் வேலை செய்கிறவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒருவன் போனை எடுத்துப் படம் பிடித்தான். ரோட்டில் போன பெண்கள்கூட வேலி ஓரம் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

ஜெனிஃபருக்குச் சிரிப்பு வரவில்லை. எஸ்தரின் கண்ணை அவள் பார்த்துவிட்டாள். வெள்ளை விழி தெரிய எஸ்தர் பயந்துபோய் ஆடிக்கொண்டிருந்தாள். விலாவெல்லாம் வியர்வை. எதிரே யாரும் பிரம்பு வைத்திருக்கவில்லை. ஆனாலும் நிறுத்த அவளுக்குத் தைரியம் இல்லை.

பால்குடம் தூரமாகப் போன பிறகுதான் கால்கள் நின்றன. ஹரிகிருஷ்ணன் குனிந்து குளம்புக்கு மேலே இருந்த முடியை விலக்கினார். இரண்டு முன்னங்கால்களிலும் சுற்றி வளையமாக, ஆறிய புண்ணின் மேல் வெள்ளை முடி முளைத்திருந்தது.

"இது என்ன?"

"கம்பி வேலி கிழிச்சது சார். பக்கத்துல பிளாட் போட்டு வேலி போட்டிருக்காங்க. நான் ஊட்டியில இருந்தப்ப..." சொல்லிக்கொண்டு வரும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

"வேலி கிழிச்சா ஒரு பக்கம் கிழிக்கும். ரெண்டு காலையும் சுத்தி வளையல் போடாது. கம்பத்துல கட்டி, கயிறு போட்டு, அடிச்சுப் பழக்கியிருக்காங்க. யாரு?"

ஜெனிஃபர் குனிந்து அந்த வளையத்தை விரலால் தடவிப் பார்த்தாள். ஊட்டியிலிருந்து வந்ததும் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு, பிளாட்டுக்குக் காவல் இருக்கும் வரதனிடம் போய் வாய்க்கு வந்தபடி திட்டியவள் அவள். பாவம், அந்த மனுஷன் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். செய்யாத குற்றத்துக்கு.

கம்பி வேலி என்று அவளிடம் சொன்னவன் சாலமோன்.

"சாலமோன்," என்றாள். அதற்கு மேல் அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அப்பாதான்கா," என்றான் அவன், தலை நிமிராமல். "உன் கல்யாணத்துக்கு. நீ சந்தோசப்படுவேன்னு."

ஹரிகிருஷ்ணன் அவளைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். கோபமாகத்தான் பேசினார், ஆனால் அவளை மரியாதை குறைத்துப் பேசவில்லை. "போட்டி மைதானத்துல பேண்டு இருக்கும், மைக் இருக்கும், ஜனங்க கை தட்டுவாங்க. தடைக்கு முன்னாடி இது நின்னு ஆடிச்சுன்னா மேல உக்காந்திருக்கிறவங்க கழுத்து போயிடும். மறக்க வைக்க முடியும். இந்தக் குதிரைக்கு அந்தத் திறமை இருக்கு. ஆனா ஆறு மாசம் இந்த கேட்டைத் தாண்டக் கூடாது. ஊர்வலம், கல்யாணம்னு ஒரே ஒரு தடவை மேளத்துக்கு முன்னாடி நிறுத்தினாலும் மறுபடி இங்க கொண்டு வராதீங்க."

"இங்கயே இருக்கட்டும் சார்."

"குதிரை உங்க அப்பாவோடது. அவர் வண்டியோட வந்து நின்னா என்னால கேட்டைப் பூட்ட முடியாது. அவர்கிட்ட பேசிட்டு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. அவர் வாயால சம்மதம் வேணும். இல்லன்னா நாளைக்கே கூட்டிட்டுப் போயிடுங்க."

எஸ்தரைக் கொட்டடியில் விட்டுவிட்டு அவள் திரும்பியபோது, கதவுக்கு மேலே தலையை நீட்டி எஸ்தர் கனைத்தாள். ஜெனிஃபர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவாள், அவளுக்கு இப்போது அழுகை வேண்டாம், கோபம்தான் வேண்டும்.

மத்தியானம் கடற்கரையில் கூட்டம் குறைவு. ஜெபசிங் ராணியின் மேல் ஒரு சின்னப் பெண்ணை உட்கார வைத்து நடத்திப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் குழந்தையின் அம்மா போனைத் தூக்கிப் பிடித்தபடி வந்தாள். காசியம்மாள் குடை நிழலில் மாங்காய்க்கு மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருந்தாள்.

ஜெனிஃபர் நேராகப் போய் அப்பாவின் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தாள்.

"கம்பத்துல கட்டினியாப்பா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. "சவாரி முடியட்டும்."

"ரெண்டு காலையும் கட்டி, புண்ணு ஆவுற வரைக்கும் அடிச்சியா? நான் இல்லாத நேரம் பார்த்து?"

"சவாரி முடியட்டும்னு சொல்றேன்."

"அண்ணா, கொஞ்சம் இங்க பாக்க சொல்லுங்க," என்றாள் குழந்தையின் அம்மா. ஜெபசிங் ராணியை நிறுத்தினார். போட்டோ எடுத்தார்கள். பிறகு ராணி வழக்கமாகத் திரும்பும் இடத்தில் தானாகவே திரும்பினாள். அந்த நடை முழுக்க அப்பனும் மகளும் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். குழந்தையை இறக்கிவிட்டு, அதற்கு ஒரு டாட்டாவும் காட்டிவிட்டுத்தான் அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"ஆமா. கட்டினேன். இன்னா இப்போ?"

"இன்னா இப்போவா? அவ பயந்து ஆடறாப்பா. எதிர்ல ஆளே இல்ல, பிரம்பே இல்ல, சத்தம் கேட்டதும் கண்ணு வெளுத்துப்போயி ஆடறா. எனுக்குக் கல்யாணத்துல குதிரை ஆடணும்னு நான் கேட்டேனா?"

"நீ கேக்கல. நான் கேட்டேன்." ஜெபசிங்கின் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "என் கல்யாணத்தப்போ சர்ச்சுலேர்ந்து ஊர்வலம் கிளம்புச்சு. நாலு பெட்ரோமாக்ஸ், ஒரு மேளம், அவ்ளோதான். ஊர்த்தெரு முனைக்கு வந்ததும் நிறுத்திட்டானுங்க. காலனி ஆளுங்க மேளத்தோட இந்தப் பக்கம் போவக் கூடாதுன்னு. வெளக்கை அணைச்சோம். மேளத்தை நிறுத்தினோம். உங்கம்மா கையப் புடிச்சுகினு ஏரிக்கரை மேல சுத்திகினு வூட்டுக்கு வந்தேன். புதுச்சேலை பூரா சேறு. மறு வருசம்தான் கடனோ உடனோ வாங்கி மொத குதிரையை வாங்கினேன். எதுக்குன்னு எவனும் என்னைக் கேக்கல. நீயும் கேக்கல."

ஜெனிஃபருக்கு இது தெரியாது. வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஆனாலும் கோபம் இறங்கவில்லை, இன்னொரு பக்கமாகவும் பற்றிக்கொண்டது. அந்தத் தெருக்காரர்கள் மேல், இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த இவர்கள் மேல்.

"என் பொண்ணு கல்யாணம் அந்தத் தெரு வழியாத்தான் போவும்," என்றார் அவர். "மாப்ள குதிரை மேல உக்காந்து போவணும். குதிரை ஆடிகினு போவணும். அவனுங்க வாசல்ல நின்னு பாக்கணும். வாடகைக் குதிரை வோணாம். என் வூட்டுல பொறந்த குதிரை, நீ வளர்த்த குதிரை. அதுல இன்னாடி தப்பு?"

"தெரு வழியா போவறதுல தப்பே இல்லப்பா. நான் நடந்தே வர்றேன். மேளம் வெச்சிக்கினு, உன் கையப் புடிச்சிக்கினு வர்றேன். எவன் நிறுத்தறான்னு பாக்கறேன்."

"நடந்துதான்டி போனோம் நாங்க. நடந்து போனவனைத்தான் நிறுத்தினானுங்க."

அப்போது பின்னாலிருந்து காசியம்மாள் பேசினாள். மாங்காய்க் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து வந்திருந்தாள்.

"யோவ். அன்னிக்கு அந்த முனையில நின்னது நீ மட்டுமா? நானுந்தான் நின்னேன். காலைக் கட்டிப்போட்டா எப்டி இருக்கும்னு உனுக்கும் தெரியும், எனுக்கும் தெரியும். தெரிஞ்சும் ஒரு வாயில்லா ஜீவன் காலைக் கட்டினியே. வேலி கிழிச்சிடுச்சுன்னு என்கிட்டயும் பொய் சொன்னியே."

ஜெபசிங் மனைவியைப் பார்த்தார். மகள் கத்தியதற்கெல்லாம் அசையாதவர், இதற்கு முகம் திருப்பிக்கொண்டார். ராணியின் பிடரியில் ஒட்டியிருந்த மணலை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார்.

ஜெனிஃபர் போனை எடுத்து ஹரிகிருஷ்ணனுக்கு அடித்து, அப்பாவின் முன்னால் நீட்டினாள். "நீயே சொல்லு. ஆறு மாசம் அவ அங்க இருக்கட்டும்னு. இல்ல, இப்பவே போயி கூட்டிகினு வந்து மறுபடியும் கட்டு. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

ஹலோ, ஹலோ என்று உள்ளேயிருந்து ஹரிகிருஷ்ணனின் குரல் கேட்டது. கடைசியில் ஜெபசிங் அதை வாங்கிக் காதில் வைத்தார்.

"ஜெபசிங் பேசறேன் சார். குதிரை அங்கியே இருக்கட்டும். நான் அதை ஓட்டிகினு போவ வர மாட்டேன்." போனை மகளிடம் திருப்பிக் கொடுத்தார். "உன் குதிரைக்கு வழி பண்ணிட்டேன். கல்யாணத்தை நீங்க பாத்துக்கோங்க. குதிரை இல்லாம அந்தத் தெரு முனையில இன்னொரு தடவை நான் வந்து நிக்க மாட்டேன். என்னைக் கூப்டாத."

ராணியைப் பிடித்துக்கொண்டு அவர் கடற்கரைக் கோயில் பக்கம் நடந்தார். அந்த நேரத்தில் அங்கே சவாரிக்கு ஆளே இருக்காது. எல்லோருக்கும் அது தெரியும்.

காசியம்மாள் குடைக்குத் திரும்பினாள். ஜெனிஃபர் மணலில் அப்படியே உட்கார்ந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. எஸ்தர் தப்பித்தாள். ஆனால் கல்யாணத்துக்கு அப்பா வரமாட்டார்.

சாலமோன் கொஞ்ச தூரம் தள்ளி நின்று, அப்புறம் மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா. இன்னொண்ணு இருக்குது. நான் சொன்னேன்னு சொல்லாத."

"சொல்லு."

"ஆட்டம் பழக்கற ஆளை அப்பாவுக்குத் தெரியாது. போன்ல தேடி, பம்பைக்காரனோட கூட்டிகினு வந்தது ஹேமந்த் மாமாதான். ஞாயித்துக்கெழமை சர்ச் முடிஞ்சு வருவாரு. ஒரு காலுக் கயிறை நான் புடிப்பேன். இன்னொரு காலுக் கயிறை அவரு."

ஹேமந்த். அடுத்த மாதம் அவள் கழுத்தில் தாலி கட்டப் போகிறவன். அவள் ஊட்டியில் இருந்த ஆறு மாதமும் ஊரப்பாக்கத்திலிருந்து தினமும் போன் செய்து, எஸ்தர் நல்லா இருக்கா, நான் போயி பாத்துட்டு வந்தேன் என்று சொன்னவன். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான், வீட்டில் பேசி வைத்திருந்த இவனைக் கட்டிக்கொள்ள அவள் சம்மதம் சொன்னாள்.

போன் அடித்தது. அவன்தான். கம்பெனியில் டீ நேரம்.

"ஜெனி, எஸ்தரை நல்லபடியா விட்டியா? அழுதியா?"

"நான் அழல." இதுவரை அவனை அவள் நீ என்று சொன்னதில்லை. "ஹேமந்த், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ புடிச்சது எந்தக் காலு? இடது காலா, வலது காலா?"

அந்தப் பக்கம் டீ கிளாஸ்கள் வைக்கும் சத்தம் கேட்டது. யாரோ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் போனை வைக்கவில்லை.